வள்ளியம்மையின் இருபத்தாறு மணி நேரம்

1

எழுதிவிடாதே என்று சொல்லிவிட்டுத்தான் என் தோழி இதை என்னிடம் சொன்னாள். எழுதுகிறேன். அவள் பெயரை மட்டும் வைதேஹி என்று மாற்றியிருக்கிறேன். அதனால் என் குற்றம் குறைந்துவிடாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தில்லியின் பனி மூடிய காலையில், பொருளாதார ஆய்வு மாணவி வைதேஹி முனிர்காவின் சந்துகளில் தன்னந்தனியாக'

குளிரைக் காட்டி அவளுக்கு அனுதாபம் தேடப் பார்க்கிறேன். அது வேண்டாம்.

2

வைதேஹி தில்லி சரோஜினி நகரில் வளர்ந்தவள். முனைவர் பட்டத்துக்காக, வீட்டுவேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் நாற்பது பேரிடம், நேற்று எந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதினாள். அதில் ஒருத்தி, அவளுடைய முனிர்கா வாடகை அறையைப் பெருக்கித் துடைக்கும் வள்ளியம்மை. அவள் சொன்னதைக் கூட்டினால் ஒரு நாளுக்கு இருபத்தாறு மணி நேரம் வந்தது. எப்படி என்று வைதேஹி கேட்டாள்.

"சப்பாத்தி தேய்க்கறப்பதாம்மா எம் பொண்ணு பாப்பாகிட்ட பாடம் கேப்பேன். ரெண்டும் ஒண்ணாத்தான் நடக்கும். அதுக்குன்னு தனியா நேரம் ஏது?"

கணினிப் படிவம் இருபத்து நாலுக்கு மேல் ஏற்காது; ஒரு நேரத்துக்கு ஒரு வேலைதான். வைதேஹி சமையலை வைத்துக்கொண்டு பாடத்தை நீக்கினாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மற்றவர்களுக்கும் அப்படியே செய்தாள்.

(இந்த இடத்தில் அவளுக்காக ஒரு காய்ச்சலைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். அவள் காய்ச்சல் என்று சொல்லவில்லை. சோம்பல் என்றாள்.)

3

துறைக் கருத்தரங்கில் அட்டவணை திரையில் விரிந்தது. பிள்ளைகளின் படிப்புக்குத் தாய்மார்கள் செலவிடும் நேரம்: பூஜ்யம். அவளுடைய ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் ஜோதிலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரிய கண்டுபிடிப்பு, ஆய்வேட்டுக்கு இதையே மையமாக்கு என்றார். அது தவறு என்று சொல்ல வைதேஹி வாயெடுத்தாள். வெளியே வந்தது நன்றிதான்.

கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அவளுக்குப் பிடித்திருந்தது. இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். என் கதைகளுக்கும் கைதட்டியிருக்கிறார்கள். அவற்றில் யார் பேச்சை வெட்டினேன் என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை.

4

மறுநாள் வள்ளியம்மை வந்ததும் மீட்டிங் நல்லபடியாக நடந்ததா என்று விசாரித்தாள். வைதேஹி லேப்டாப்பை மூடினாள். அச்சா, நல்லா போச்சுக்கா என்றாள்.

"எங்களப் பத்தி என்னம்மா எழுதியிருக்கீங்க? பாப்பா கேட்டுக்கிட்டே இருக்குது. வெளிய நிக்குது, கூப்பிடட்டா?"

முடிவு ஒன்று: வைதேஹி உண்மையைச் சொல்லி, நாற்பது பேரையும் மறுபடி பார்க்கப் போகிறாள். ஆய்வில் ஓர் ஆண்டு வீணாய்ப் போகிறது. (நான் ஆசைப்படுவது இது. அவளும் ஆசைப்பட்டாள்.)

முடிவு இரண்டு: வேறு ஏதோ ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டுகிறாள், வள்ளியம்மையின் முகம் மலர்ந்து

இல்லை, இதை என்னால் எழுத முடியாது.

என்ன பதில் சொன்னாள் என்று என் தோழி சொல்லவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள். பாப்பா உள்ளே வந்துவிட்டாள். நாலாம் வகுப்பு. பூஜ்யம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.