எடுக்கக்கூடிய தொகை

தையல்காரருக்குக் கடன் என்றாலே வேப்பங்காய். டீக்கடையில்கூடக் கணக்கு வைத்துக் குடிக்க மாட்டார். அப்படிப்பட்ட மனுஷன்தான் மாதக்கணக்கில் கடனில் கிடந்திருக்கிறார், அதுவும் தனக்கே தெரியாமல். கொடுமையைக் கேளுங்கள்.

ஏடிஎம் திரையில் 'எடுக்கக்கூடிய தொகை' என்று ஒரு எண் வரும். அத்தனையும் நம் பணம்தான் என்று நினைத்துவிட்டார். இருப்பு தீர்ந்த பிறகும் வங்கி ஓரளவு கூடுதலாக எடுக்க விடும், அந்த எண்ணில் அதுவும் சேர்த்தி என்று அவருக்கு யார் சொன்னார்கள்? கணக்குத் தொடங்கிய அன்று நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டதோடு சரி. மொத்தமாக எடுத்தால் கையில் தங்காது என்று நூலுக்குக் கொஞ்சம், பொத்தானுக்குக் கொஞ்சம் எனக் கிள்ளிக் கிள்ளி எடுத்தார். பெரிய சிக்கனம்! ஒவ்வொரு கிள்ளலுக்கும் வங்கி தனித்தனியாகக் கட்டணம் போட்டது. வட்டி வேறு.

மகளின் தேர்வுக் கட்டணத்துக்கு இன்றுதான் கடைசி நாள். கேன்டீனில் சமைக்கும் மனைவியின் சம்பளமும் இந்த மாதம் முதல் இதே கணக்கில்தான் விழும். காலையில் விழுந்தது. விழுந்ததும் வங்கி தன் பாக்கியைப் பிடித்துக்கொள்ள, பாதிகூட மிஞ்சவில்லை.

மனைவியோடு வங்கிக்குப் போனவர் முதலில் எகிறினார். கவுண்டரில் இருந்த பெண் கோபப்படாமல் கணினியைத் திருப்பிக் காட்டினாள். பொத்தான் வாங்க எடுத்ததைவிட அதற்கான கட்டணம் பெரிதாக இருந்தது. அவருக்குக் காது சூடேறியது.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

"நம்ம பணம்தானேன்னு நெனச்சேன்."

தேர்வுக் கட்டணத்துக்குக் குறைகிற தொகையை இப்போதும் கூடுதலாக எடுக்கலாம், ஒரே தடவையாக எடுத்தால் ஒரு கட்டணம்தான், ஆனால் அடைக்கும்வரை தினமும் வட்டி ஏறும் என்று அந்தப் பெண் விளக்கினாள். அவர் மனைவியைப் பார்த்தார். பயமாக இருந்தது.

"எடுங்க, புள்ள படிப்பு நிக்கக் கூடாது" என்றாள் அவள்.

கல்லூரி வாசலில் காத்திருந்த மகள் பணத்தை வாங்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"கடன் கிடன் வாங்கலயேப்பா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"வாங்கிட்டேன்மா" என்றார். "போய் வரிசையில நில்லு, மூடிடப் போறாங்க."