பேசாத பெட்டி

தெருவில் அவருக்கு ‘வால்வு’ என்று பெயர். கட்டிலுக்கு அடியிலும் பீரோ தலையிலும் போர்க்கால ராணுவ ரேடியோக்களாகச் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றும் வாயில்லாப் பூச்சி. பொறுத்துப் பார்த்த மனைவி நேற்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“புதுசா வந்திருக்கே, அதுவாவது பேசணும். பேசலேன்னா எல்லாமே பழைய இரும்புக்காரருக்குத்தான். சொல்லிட்டேன்.”

சொன்னபடி இரும்புக்காரர் தள்ளுவண்டியோடு வாசலில் வந்து நின்றார். ஆனால் வால்வுக்குக் கால் தரையில் பாவவில்லை. புது வரவு டாங்கிக்குள் இருந்த செட் அல்லவா! விற்றவர் அதை ஏதோ மில் மீட்டர் என்று நினைத்திருந்தார். டாங்கி குலுக்கலில் அடிபடாமல் காக்க முகப்பில் இருந்த கம்பிக்கூண்டைப் பார்த்ததுமே இவருக்குப் புரிந்துவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். கேட்க ஒரு பக்கம், பேச ஒரு பக்கம் என்று திருப்புகிற குமிழ் அதில் இருந்தது. எது எந்தப் பக்கம் என்ற எழுத்தைப் பட்டாளத்துப் பச்சைச் சாயம் மூடியிருந்தது. கொஞ்சம் சுரண்டினால் தெரிந்துவிடும். ஆனால் போர்க்காலத்துச் சாயத்தைச் சுரண்டுவதா? சேகரிக்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

“இடது பக்கம்தான் கேக்கறது. எனக்குத் தெரியாதா?” என்று மீசையைத் தடவிக்கொண்டு திருப்பினார். துணி காயப்போடும் கம்பிதான் ஏரியல். மைக்கையும் மாட்டினார், செட் என்றால் முழுசாக இருக்க வேண்டாமா!

பெட்டிக்குள் கண்ணாடிக் குழல் வால்வுகள் சிவந்தன. ஹெட்போனில் ஒரு முணுமுணுப்பு கூட இல்லை.

“பேசு கண்ணு, மானத்தை வாங்காத,” என்று பெட்டியைக் கொஞ்சினார். “அவ கோபக்காரிதான், ஆனா தங்கம். போன மழையில கூரை ஒழுகுனப்ப தன் துணிமணியெல்லாம் நனையட்டும்னு விட்டுட்டு உன் கூட்டாளிங்களைத்தான் மொதல்ல தூக்கி மேல வச்சா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அதை அவகிட்ட சொல்லத்தான் வாய் வரல. எனக்குள்ளயும் ஒரு வால்வு போயிருக்கு போல.”

கதவு திறந்தது. கையில் கரண்டியோடு மனைவி நின்றாள்.

“இன்னும் அஞ்சே நிமிஷம்மா!”

“வேண்டாம். பேசிடுச்சு.”

“எப்போ? எனக்குக் கேக்கலையே!”

“எனக்குக் கேட்டுச்சு. சமையலறை ரேடியோவுல பாட்டை அமுக்கிட்டு நீங்கதான் வந்தீங்க.”

வால்வு, இடது பக்கம் திரும்பியிருந்த குமிழைப் பார்த்து அசடு வழிந்தார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை தன் வாயால் பிழைத்துக்கொண்டது.

அவள் வாசலுக்குப் போய், “ஒண்ணும் இல்லைங்க, போயிட்டு வாங்க,” என்று இரும்புக்காரரை அனுப்பினாள். பிறகு சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது.

“என்னங்க, அந்த மழை விஷயத்தை இன்னொரு தடவை சொல்லுங்க. சத்தத்தைக் கூட்டி வச்சிருக்கேன்.”