வாத்து வீடியோவுக்கு வந்த கருத்துகள்

சானியா இதை எனக்குச் சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. எல்லாவற்றையும் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்பது சந்தேகம்தான். அந்த வீடு பச்சை என்றாளா, பச்சை வீட்டுக்குப் பக்கத்து வீடு என்றாளா என்பதுகூட இப்போது நிச்சயமில்லை. அவள் பயந்தது மட்டும் நிச்சயம்.

சானியாவும் அவள் கணவன் அர்பாஸும் செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தார்கள். அர்பாஸுக்குக் கல்யாண வீடியோ எடுக்கும் வேலை. முகூர்த்தம் இல்லாத ஒரு மாதத்தில், எண்பது தொண்ணூறு வருடத்துக்கு முந்திய பேச்சில்லாத கார்ட்டூன் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதற்கு நம் ஊர்ப் பேச்சைச் சேர்த்து யூடியூபில் ஏற்றினான். ஒரு கரடி, ஒரு வாத்து. கரடி துரத்தும். ஏணி உடையும், சுவர் சரியும், கரடி தோசையாகத் தட்டையாகி மறுபடி உப்பி எழும். வாத்து மட்டும் கூரை விளிம்பில் நின்று குடையை விரித்து, காற்றில் ஆடி ஆடி இறங்கி நடந்துபோகும். வாத்துக்குச் சானியாதான் குரல். "குதிச்சா இன்னா இப்ப? காத்து பாத்துக்கும்!"

அர்பாஸ் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்ப்பான். சானியா கருத்துகளைப் படிப்பாள். அரை நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிடக் கூடியவள் அவள். முகம் தெரியாத இத்தனை பேர் பேசுவதும், தான் பதில் பேச வேண்டியதில்லை என்பதும் அவளுக்குப் பிடித்திருந்தது. 'எங்க மாமியார் சிரிச்சு இன்னைக்குத்தான் பார்த்தேன்' என்று ஒருத்தி. 'கரடிதான் பாவம், உழைக்கிறவனுக்கு எப்பவுமே அடி' என்று ஒருவர். 'அடிதடியைக் காட்டி குழந்தைங்களைக் கெடுக்காதீங்க' என்று ஒரு வாத்தியார். அவருக்குக் கீழே இருபது பேர், 'நாங்களும் இதெல்லாம் பார்த்துதான் வளர்ந்தோம், கெட்டா போயிட்டோம்?' என்று சண்டைக்கு நின்றார்கள். வாத்தியார் எழுதியதைப் படித்தபோது சானியாவும் சிரித்தாள்.

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு கருத்து வந்தது. பெயர் இல்லை, ரோஜாப் பூ படம். 'எங்க பாப்பா காலையில இருந்து இதையே பார்க்கிறா. குடையைக் கீழ வைக்க மாட்டேங்கிறா. தீபம் பார்க்க மாடிக்குப் போறப்ப வாத்து மாதிரி பறப்பாளாம்.' கூடவே நாலு சிரிப்பு முகம். வெளியூரிலிருந்து யாரோ, 'உங்க மாடிக்கு நாங்களும் வரலாமா?' என்று கேட்டிருந்தார்கள். அதற்குப் பதில்: 'வாங்க, அடி அண்ணாமலை, டேங்க் பக்கத்துல பச்சை வீடு. பின்பக்கம் இன்னும் சுவர் கட்டல, பார்த்து நிக்கணும்.'

சானியா அதை மூன்று முறை படித்தாள். 'பாப்பாவை மாடிக்குக் கூட்டிப் போகாதீங்க, குடையை வாங்கி வைங்க' என்று பதில் எழுதினாள். பத்து நிமிடம் காத்திருந்தாள். அதன் கீழே வேறு யாரோ, 'பறக்கும்போது வீடியோ எடுத்துப் போடுங்க' என்று எழுதியிருந்தார்கள்.

போனை அர்பாஸிடம் நீட்டினாள்.

"தமாஷுக்கு எழுதியிருக்காங்க" என்றான் அவன். பிறகு அவன் முகம் மாறியது. "ஏதாச்சும் ஆச்சுனா கேஸு நம்ம மேலதான் வரும்." அவள் எழுந்திருப்பதற்குள் வீடியோவை அழித்துவிட்டான்.

"என்ன பண்ணீங்க?"

"தூக்கிட்டேன். இனிமே யாரும் பாக்க முடியாது."

"நான் பதில் எழுதியிருந்தேன். அதுவும் போச்சு."

வீடியோவோடு கருத்துகளும் போய்விட்டன. அந்த அம்மாவை எட்ட இருந்த ஒரே வழி அதுதான். போலீஸுக்குப் போன் அடித்துப் பார்த்தார்கள். தீபத்துக்கு ஊரில் அத்தனை லட்சம் பேர், லைன் கிடைக்கவே இல்லை.

"வண்டியே உடமாட்டான். இந்தக் கூட்டத்துல எங்க போய்த் தேடுவ?" என்றான் அர்பாஸ்.

"நடந்து போறேன்" என்று சொல்லி, துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கொண்டு இறங்கினாள்.

கிரிவலப் பாதையில் தூறல். எல்லோரும் ஒரே பக்கமாக நடக்க, அவள் அவர்களுக்கு நடுவில் ஓடினாள். கால் மிதிபட்டு ஒரு செருப்பு அறுந்தது. இன்னொன்றையும் உதறிவிட்டாள். குடை விரித்த குழந்தை கண்ணில் பட்டால் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு ஓடினாள். வாத்தாகப் பேசிய தன் குரல் அவள் காதில் விடாமல் கேட்டது. எவ்வளவு உற்சாகமாகப் பேசியிருக்கிறாள்!

அடி அண்ணாமலைக்கு வந்தபோது ஆறுக்குப் பத்து நிமிடம். சுண்டல் விற்றுக்கொண்டிருந்த கன்னியம்மாளிடம் மூச்சு வாங்கியபடி கேட்டாள்.

"டேங்க் பக்கத்துல பச்ச ஊடா? அங்க மூணு இருக்குதே, எந்த ஊடு?"

"மாடியில சுவர் கட்டாத வீடு."

"அது தங்கம்மா ஊடு. அந்தச் சந்துல கடேசி. இன்னாத்துக்கும்மா இப்பிடி ஓடியாற? ஒரு வாய் தண்ணியாச்சும் குடி."

குடிக்கவில்லை. சந்தில் விளக்கெல்லாம் அணைத்திருந்தார்கள். மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் ஏற்றுவார்கள். மாடிகள்தோறும் இருட்டில் தலைகள், எல்லாம் மலையைப் பார்த்து. கடைசி வீட்டின் பின்பக்கம் படி இருந்தது. கைப்பிடி இல்லாத படி. பாதி ஏறியிருப்பாள், ஊர் முழுக்க ஒரே சத்தமாக "அரோகரா" என்று எழுந்தது. அந்த நொடியில் மாடியில் நின்ற பதினைந்து பேரும் கையைத் தலைக்குமேல் குவித்து மலையைப் பார்த்தார்கள். ஒருவரும் பின்னால் பார்க்க மாட்டார்கள். அது சானியாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

பின் விளிம்பில் பாவாடை கட்டிய சிறுமி ஒருத்தி குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் விரல்கள் விளிம்புக்கு வெளியே இருந்தன. கீழே ஜல்லிக் குவியல்.

கூப்பிட்டால் திடுக்கிடுவாள். சானியா கூப்பிடவில்லை. கடைசி நாலு படியை எப்படி ஏறினாள் என்று அவளுக்குத் தெரியாது. இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்து, குழந்தையோடு மல்லாந்து தளத்தில் விழுந்தாள். குடை தனியாகக் கீழே போனது. குழந்தை அலறியது.

எல்லோரும் திரும்பினார்கள். இருட்டில் முன்பின் தெரியாத ஒருத்தி அவர்கள் வீட்டுப் பிள்ளையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"புள்ள புடிக்கிறவடா!" என்றது ஒரு குரல். யாரோ முடியைப் பிடித்தார்கள். முதுகில் ஓர் அடி விழுந்தது. இந்த மாவட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்ட கூட்டம் ஆளை அடித்தே கொன்றிருக்கிறது என்று சானியாவுக்குத் தெரியும்.

"யாருடி நீ? சொல்லுடி!" வீட்டுக்காரி தங்கம்மாள் அவள் மணிக்கட்டைத் திருகினாள்.

"உங்க பாப்பா... குடையோட குதிக்கப் போறானு வீடியோவுல எழுதியிருந்தீங்க. வாத்து வீடியோ."

குழந்தையைப் பிடுங்கிக்கொண்ட ரேவதி, தங்கம்மாளின் மருமகள், போனை எடுத்துத் தேடினாள். சிக்னல் வந்து வந்து போனது. எல்லோரும் அந்தத் திரையையே பார்த்தார்கள். "அந்த வீடியோவே இல்லியே அத்த. அப்படி ஒண்ணும் காட்டல." அந்தக் கருத்தை எழுதியதே தான்தான் என்பதை மாமியார் முன்னால் அவள் சொல்லவில்லை.

"பொய் சொல்றா! கீழ இட்டுனு வாங்க அவள!"

வீடியோவை நாங்கள்தான் அழித்தோம் என்று சானியா சொன்னால் யார் நம்புவார்கள்? இரண்டு பேர் அவளைத் தூக்கி நிறுத்தினார்கள். படிக்கு எவ்வளவு தூரம், படியில் தள்ளிவிட்டால் எங்கே விழுவோம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

அப்போது குழந்தை தன் அம்மாவின் தோளில் ஓங்கி அடித்தது. அது பயத்தில் அழவில்லை, கோபத்தில் அழுதது. "ஒண்ணு ரெண்டு மூணு சொல்லிட்டேம்மா! பறக்கப் போனேன்! இவங்க வந்து புடிச்சிக் கெடுத்துட்டாங்க! என் கொடையும் போச்சு!"

முடியைப் பிடித்திருந்த கை விட்டது.

தங்கம்மாள் மட்டும் மெதுவாக விளிம்புக்குப் போய், குனிந்து கீழே பார்த்தாள். ஜல்லிமேல் குடை கம்பி மடங்கிக் கிடந்தது. அவள் அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் மற்ற வீடுகளில் அகல் விளக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த வீட்டில் ஏற்ற வெகுநேரம் ஆயிற்று.

தங்கம்மாள் அந்த மாதமே பின்பக்கச் சுவரைக் கட்டி முடித்தாள். ரேவதி வீடியோக்களுக்குக் கீழே எதுவும் எழுதுவதில்லை. குழந்தை பூஜா இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்கு அன்று நடந்தது நினைவில்லை. அர்பாஸ் கல்யாண வேலையோடு நிறுத்திக்கொண்டான். சானியாவின் மணிக்கட்டு குணமாக ஆறு வாரம் பிடித்தது. அவள் அதன்பிறகு எதற்கும் குரல் கொடுக்கவில்லை.