வினிகரில் அலசிய கோழி

வெள்ளிக்கிழமை காலை ஹோட்டல் ஃப்ரீசரைத் திறந்ததும் சமையல் மாஸ்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். மோட்டார் எப்போது நின்றுபோனது என்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளே இருந்த நாற்பது கிலோ கோழியும் பிசுபிசுத்துக் கிடந்தது. ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைச் சுவரில் துடைத்தார்.

"இதைக் கொட்டிடலாம் சார்," என்றார் மேனேஜரிடம்.

"ஞாயித்துக்கிழமை ஹால் முழுக்க புக் ஆகியிருக்கு. இதைக் கொட்டிட்டு உன் தொடையை அறுத்துப் போடுவியா?" மேனேஜர் தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டார். பிறகு பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பாத்திரக்கா, இங்க வா. வினிகர் ஊத்தி நாலு தண்ணி அலசிக் குடு. மசாலா ஏறிட்டா எல்லாம் அடங்கிடும்."

பாத்திரம் கழுவுகிற அக்கா என்பது சுருங்கிப் பாத்திரக்கா ஆகியிருந்தது. அந்த ஹோட்டலில் அவளுக்கு ஆறு வருஷம். ஐம்பதை நெருங்கும் வயது, புருஷன் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம், பிள்ளைகள் இல்லை. வந்த புதிதில் அவளும் வாய் திறந்திருக்கிறாள். மேஜை துடைக்கிற துணியையும் தரை துடைக்கிற துணியையும் ஒரே வாளியில் முக்குகிறார்கள் என்று சொன்னாள். தட்டில் மிச்சமாகி வந்த வெங்காயத்தை மறுபடியும் அடுத்த தட்டில் வைக்கிறார்கள் என்று சொன்னாள். "உனக்கு மூக்கு ரொம்ப நீளம், வேற இடம் பார்த்துக்கிறியா?" என்று மேனேஜர் கேட்டதோடு நிறுத்திக்கொண்டாள்.

கோழியை அலசினாள். நாலு தண்ணி போதாமல் ஆறு தண்ணி அலசினாள். கையுறை கிழிந்திருந்ததால் அந்த வழவழப்பு நகக்கண் வரைக்கும் இறங்கியது. வீட்டுக்குப் போய் சோப்பு போட்டாள், எலுமிச்சைத் தோலைத் தேய்த்தாள், நாற்றம் போகவில்லை. சனிக்கிழமை மத்தியானம் மெக்கானிக் வந்து மோட்டாரை ஓடவைத்தான். மசாலா தடவிய கோழி மறுபடியும் உள்ளே போனது.

அன்று சாயங்காலம் தம்பி ஃபோன் செய்தான்.

"அக்கா, நாளைக்கு மத்தியானம் உன் ஹோட்டலுக்குத்தான் வர்றோம். டேபிள் சொல்லியாச்சு."

தம்பி பெயின்ட் கடை வைத்திருந்தான். அவனுடைய ஒரே மகளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, போடாத ஊசி இல்லை. இப்போதுதான் ஐந்து மாதம். புருஷனோடு அப்பா வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. முதல் நாலு மாதம் தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தவளுக்கு இப்போதுதான் பசி திரும்பியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை அங்க நிக்கக்கூட இடம் இருக்காதுடா. வேற எங்கயாவது போகலாம்."

"கிச்சன் இன்சார்ஜே இப்படிச் சொன்னா எப்படிக்கா?"

அந்தப் பட்டத்தை அவளுக்குக் கொடுத்தவனே அவன்தான். மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம், "எங்க அக்கா பெரிய ஹோட்டல்ல கிச்சன் இன்சார்ஜ்" என்று அறிமுகம் செய்தான். அவள் மறுக்கவில்லை. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு சிரித்து வைத்தாள்.

"நான் வந்து வீட்டுல சமைச்சுப் போடுறேன்டா. பிள்ளைக்கு அதுதான் நல்லது."

"ஆறு வருஷத்துல ஒரு நாள் எங்களை அங்க கூப்பிட்டிருக்கியா? நாங்க வந்து உக்காந்தா உனக்குக் கேவலமாக்கா?"

கோழி விஷயம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கிச்சன் கெட்டுக் கிடக்கிறது என்று சொன்னால், அப்போ நீ அங்கே என்னதான் பார்க்கிறாய் என்று கேட்பான். நான் வெறும் பாத்திரம் கழுவுகிறவள் என்று மாப்பிள்ளை காதில் விழச் சொல்ல வேண்டியிருக்கும். "சரிடா, வாங்க" என்றாள். அங்கே போய்ச் சமாளித்துக்கொள்ளலாம், கோழி வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்தாள். தன் வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொருத்தியிடம் மாற்றிவிட்டாள்.

மறுநாள்தான் முதல் தடவையாக அவள் முன்வாசல் வழியாக உள்ளே போனாள். டேபிள் சொல்லியிருந்தும் முக்கால் மணி நேரம் நிற்கவைத்தார்கள். "மாசமா இருக்கிற பிள்ளை, ஒரு நாற்காலியாவது குடுங்களேன்" என்று தம்பி பொண்டாட்டி இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். வாசலில் நோட்டோடு நின்றவன் தலையை நிமிர்த்தவில்லை.

கடைசியில் மூலையில் ஒரு மேஜை கிடைத்தது. முன்னால் சாப்பிட்டவர்களின் எலும்பு இன்னும் அதிலேயே கிடந்தது. ஒருவன் வந்து சாம்பல் நிறத் துணியால் வழித்துத் தள்ளினான். பாதி அவள் மடியில் விழுந்தது. சர்வர் ஐந்து டம்ளரை ஐந்து விரலை உள்ளே விட்டுத் தூக்கிவந்து வைத்தான்.

"அத்தை, இந்த ஸ்பூன்ல என்னமோ காஞ்சு ஒட்டியிருக்கு," என்றாள் தம்பி மகள்.

சர்வர் அதை வாங்கித் தோளில் கிடந்த துண்டில் ஒரு இழுப்பு இழுத்து, திரும்ப வைத்தான்.

தம்பிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்னப்பா இது? இவங்க இங்க யாருன்னு தெரியும்ல?"

சர்வர் அவளைப் பார்த்தான். "தெரியாம என்ன சார், நம்ம பாத்திரக்கா."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அவளும் அவசரமாகச் சிரித்தாள். "இங்க எல்லாருக்கும் ஒரு பட்டப்பேர் வெச்சிருக்காங்க, வாலுங்க." தம்பி மெனு அட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"சூடா சூப்பும் ரொட்டியும் சொல்லலாம்," என்றாள் அவள். "வயித்துக்கு லேசா இருக்கும்."

"நாலு மாசமா ரொட்டிதான் தின்னேன் அத்தை. எனக்குக் கோழி வேணும். நேத்துலேர்ந்து அதே நினைப்பு."

"கேட்டதை வாங்கிக் குடுக்கத்தானே வந்திருக்கோம்," என்று தம்பி இரண்டு தட்டுக் கோழி சொன்னான்.

கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய் அவள் சர்வரை மடக்கினாள். "தம்பி, எங்க டேபிளுக்கு மட்டும் கோழி தீர்ந்துபோச்சுன்னு சொல்லிடுப்பா. பிள்ளைத்தாச்சிப் பொண்ணு."

"அதைத் தீர்க்கச் சொல்லித்தான் காலையிலேர்ந்து மேனேஜர் உயிரை வாங்குறாரு. நீ வேற ஏன்க்கா?"

அவன் மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கோழி வந்து இறங்கிய கையோடு மேனேஜரும் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த அவர் விரல்கள் அவள் தோளில் இடித்தன.

"குடும்பத்தோட வந்திருக்கீங்க போல. ரொம்ப சந்தோஷம்." ஆறு வருஷத்தில் அவர் அவளை மரியாதையோடு கூப்பிட்டது அன்றுதான். "எல்லாம் நல்லா இருக்கா? ஏதாவது குறை இருந்தாச் சொல்லுங்க. அக்காவே சொல்லட்டும்."

மேஜையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். காரமும் புளிப்பும் கலந்த வாசனை தட்டிலிருந்து எழும்பியது. அதற்கு அடியில் இருந்த நாற்றம் அவள் மூக்குக்கு மட்டும்தான் தெரிந்தது.

"நல்லா இருக்கு சார்," என்றாள்.

பசித்தவள் சாப்பிடுகிற சாப்பாடு அது. தம்பி மகள் எலும்பைக்கூட விடவில்லை. பிள்ளை மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டியபோது அவள் தட்டைப் பிடித்து இழுத்தாள். "போதும்மா, செரிக்காது."

"பசிச்சுத் தின்னுற பிள்ளையைத் தடுக்காதீங்க அண்ணி," என்றாள் தம்பி பொண்டாட்டி. குரலில் வருத்தம் இருந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க ஏன் அத்தை சாப்பிடல?"

"எனக்குக் காலையிலேர்ந்தே வயிறு சரியில்லடா."

திங்கட்கிழமை, சாப்பிட்ட எல்லோருக்கும் வயிற்றால் போனது. மற்றவர்கள் இரண்டு நாளில் எழுந்துவிட்டார்கள். தம்பி மகளுக்கு மட்டும் காய்ச்சல் ஏறியது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், வியாழக்கிழமை குழந்தை தங்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். "சாப்பாட்டாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, வேற காரணமும் இருக்கலாம். தாய் பிழைச்சதே பெரிசு," என்றார் டாக்டர்.

வராந்தாவில் தம்பி அவளைத் தனியாக இழுத்துப் போனான். மூன்று நாள் தாடி, சட்டையில் பித்தான் மாறிப் போட்டிருந்தான்.

"அந்த ஹோட்டலை நான் விடப்போறதில்லக்கா. உள்ள என்ன நடக்குதுன்னு நீ வந்து சொல்லணும். நீதான் சாட்சி."

"நான் அங்க இன்சார்ஜ் எல்லாம் இல்லடா. பாத்திரம் கழுவுறேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீ சேர்ந்த மாசமே தெரியும். உன் கையைப் பார்த்தா தெரியாதா? சம்பந்தி வீட்டுல யாரும் உன்னை ஒரு சொல் சொல்லிடக் கூடாதேன்னுதான் அப்படிச் சொல்லி வெச்சேன். அது கெடக்கட்டும், இப்ப அதுவா முக்கியம்?"

எதை மறைப்பதற்காக அன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ அது அவனுக்கு ஆறு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. இனிமேல் மறைக்க எதுவுமில்லை என்று மிச்சத்தையும் சொன்னாள்.

"அந்தக் கோழி கெட்டுப்போனதுடா. மோட்டார் நின்னுபோச்சு. வினிகர் ஊத்தி அலசிக் குடுத்தது நான்தான்."

"என்னிக்கு?"

"வெள்ளிக்கிழமை."

அவன் உதடு நாட்களை எண்ணியது. "நான் உனக்கு ஃபோன் பண்ணது சனிக்கிழமை," என்றான்.

"ஆமாடா."

அவன் கத்தவில்லை. கை ஓங்கவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். "நீ வீட்டுக்குப் போக்கா," என்று சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டான்.

அவன் கூப்பிடாமலேயே அவள் உணவுப் பாதுகாப்பு ஆபீசுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

"அந்தக் கோழி மிச்சம் ஏதாவது இருக்காம்மா?"

"அன்னிக்கே வித்துத் தீர்ந்துபோச்சுங்க."

"கெட்டதுன்னு தெரிஞ்சும் நீங்களே கழுவிக் குடுத்தேன்னு எழுதியிருக்கீங்க. இதுல மொத ஆளா மாட்டுறது நீங்கதான். யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க."

அவள் போட்டாள். ஆட்கள் சோதனைக்குப் போனது ஒன்பதாம் நாள். அதற்குள் ஹோட்டலில் சுவருக்கு வெள்ளையடித்து, எல்லார் தலைக்கும் தொப்பி மாட்டி வைத்திருந்தார்கள். மாஸ்டர் தனக்கு எதுவும் தெரியாது என்றார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். சிறு குறைகள், சரிசெய்யச் சொல்லி எச்சரிக்கை, அவ்வளவுதான். அவளை யாரும் மாட்டிவிடக்கூட இல்லை. வேலையை விட்டு நிறுத்தினார்கள், அந்த இடத்துக்கு மறுநாளே இன்னொருத்தி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனபோது வாசலில் வழக்கம்போலக் கூட்டம். கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றபடியே காத்திருந்தாள். அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ரோட்டைத் தாண்டினாள். "போங்கம்மா, லைன்ல வாங்க," என்று அந்தப் பெண்ணின் புருஷன் அதட்டினான். அவள் வந்த வழியே திரும்பினாள்.

தம்பி மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டுக் கஞ்சி வைத்து எடுத்துப்போனாள். தம்பி பொண்டாட்டி கதவைப் பாதி திறந்து நின்றாள். பாத்திரத்தை வாங்கவுமில்லை, உள்ளே வாங்க என்று சொல்லவுமில்லை. பின்னால் சுவரைப் பிடித்தபடி அந்தப் பெண் எழுந்து வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"ஏன் அத்தை சொல்லல? என் காதுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமே."

"வெக்கமா இருந்துச்சும்மா."

"எதுக்கு வெக்கம்?"

அவள் கஞ்சிப் பாத்திரத்தை நீட்டினாள். தம்பி பொண்டாட்டி, "அவ நிக்கக் கூடாது, படுக்கணும்," என்று கதவைச் சாத்தினாள்.

அடுத்த வாரமும் போனாள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "பொண்ணையும் மாப்பிள்ளையையும் அவங்க ஊருல கொண்டுபோய் விட்டுட்டு, கொஞ்ச நாள் அங்கயே இருந்துட்டு வர்றோம்னு எல்லாரும் முந்தாநாளே கிளம்பிட்டாங்களே. உங்களுக்குச் சொல்லலையா?"

"சொன்னாங்க," என்றாள் அவள். "நான்தான் மறந்துட்டேன்."

பக்கத்து வீட்டம்மா உள்ளே போகும்வரை பூட்டிய கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அப்புறம் படி இறங்கினாள்.