மூன்றரை ரூபாய் மலை

திருமயம் மலையின் விலை மூன்றரை ரூபாய். ஆரோக்கியமுத்து ஐந்துதான் கேட்டார். ராயவரம் கண்ணப்பச் செட்டியார் விடவில்லை. "பாதிக் காயிதம் சும்மா கெடக்கே வாத்தியாரே, அதுக்குமா துட்டு?"

ஆரோக்கியமுத்து ஆவூர்க்காரர், டிராயிங் மாஸ்டர். போர்க்காலத்தில் மலாயாவில் ஒரு ஜப்பானியரிடம் தூரிகை பிடிக்கக் கற்றவர். படத்தின் அடியில் கறுப்பு மையில் மலை. அதன் காலடியில் கண்மாய்த் தண்ணீராக ஒரு கோடு. மற்றதெல்லாம் வெள்ளைத் தாள். செட்டியார் மரச்சட்டம் போட்டார். காலி இடத்துக்கு எதற்கு என்று கண்ணாடி போடவில்லை.

வைரமும் வெள்ளியும் அவராக மகளுக்குப் பார்த்து வாங்கியவை. சாலா வாய் திறந்து கேட்டது இந்தப் படம் ஒன்றைத்தான்.

ஐம்பத்தைந்து ஆவணியில் கல்யாணம். வளவு முற்றம் முழுக்கச் சீர்ச் சாமான் பரப்பியிருந்தார்கள். வெறும் பாத்திரம் புகுந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று அண்டா முதல் சிமிழ் வரை எல்லாவற்றிலும் ஒரு பிடி அரிசி. மாப்பிள்ளையின் தாயார் முத்தாள் ஆச்சி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து வந்தவர், படத்தின் முன் நின்றுவிட்டார்.

"இதென்ன, காலியாக் கெடக்கு? எங்க வீட்டுக்கு வெறுஞ் சாமான் வராது."

செட்டியார் பதறினார். "வாத்தியாரே, அந்த எடத்துல ஒரு பனைமரம், ஒரு மாடு போட்டுவிடுங்களேன். மேக்கொண்டு ஒரு ரூவா தாரேன்."

விருந்து முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்த ஆரோக்கியமுத்து நிமிர்ந்தார். "மாடு போட்டா இது வேற படமுங்க. வேண்டாமுன்னா குடுங்க, எடுத்துட்டுப் போறேன். ஒங்க மூணரையத் திருப்பித் தந்துடறேன்."

மாமியாருக்குப் புதுப்பெண் பதில் சொல்கிற வழக்கம் அன்றைக்கு இல்லை. சாலா சொன்னாள்.

"காலி இல்லைங்க அயித்தை. ஐப்பசி காலையில மலை இப்படித்தான் தெரியும். மேல பூரா மழை நிக்குது."

ஆச்சி கண்ணைச் சுருக்கினார். "மழையா? எங்கிட்டு?"

"இன்னும் எறங்கலை."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆச்சி சிரிக்கவில்லை. வானம் பார்த்த புன்செய் அவருக்கும் இருந்தது. வெகுநேரம் அந்த வெள்ளையையே பார்த்தார். ஆனாலும் முறை முறைதான்; வெறுமைக்கு ஒரு பொட்டாவது வேண்டும். குங்குமத்தைத் தொட்ட விரலை வெள்ளைத் தாளின் நடுவுக்கே கொண்டுபோனார். ஆரோக்கியமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாலா நமஸ்கரிப்பவள்போலக் குனிந்து சட்டத்தைச் சற்று நகர்த்தினாள். பொட்டு மரத்தில் விழுந்தது.

ஆச்சி விரலைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "பேரம் தெரிஞ்ச பொண்ணுதான்" என்றார்.

பிறகு சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளையிடம் திரும்பினார்.

"எழுதிக்கங்க. மலை ஒண்ணு, கண்மாய் ஒண்ணு, ரெண்டும் வந்து சேந்துச்சு. மழை பாக்கி."