அலத்தி

தேவசிகாமணி ஜெயிலில் ரைட்டர். கைதிகள் சொல்வதை இங்கிலீஷில் மனுவாக எழுதி மேலே அனுப்புவது அவர் வேலைகளில் ஒன்று.

அவருக்கு வெற்றிலை கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு ஆசைதான். கேட்டிராத சொல் ஒன்று காதில் விழ வேண்டும். அதன் பொருளைச் சொன்னவன் வாயாலேயே கேட்க வேண்டும். தோணிக்காரக் கைதி ஒருவனிடம் காற்றுகளின் பெயர்களைக் கேட்டுக்கொண்டு நின்று மத்தியானச் சாப்பாட்டை மறந்தவர் அவர். அகராதியில் இல்லாத சொல் கிடைத்த அன்று முகமே வேறு மாதிரி இருக்கும். இன்றைக்கு எவன் வாயைப் பிடுங்கினீர்கள் என்று மனைவி கெசியா வாசலிலேயே கேட்டுவிடுவாள்.

பூதலிங்கம் தூக்குக் கைதி. தாமிரபரணிக் கால்வாயில் முறைவைத்து வயல்களுக்குத் தண்ணீர் விடுகிறவன். முறை தப்பி மடையை உடைத்த ஒருவனை மண்வெட்டியால் அடித்தான். அடி கழுத்தில் விழுந்தது. ஹைகோர்ட்டும் தண்டனையை உறுதி செய்துவிட்டது. மிச்சம் இருந்தது கவர்னருக்கு ஒரு கருணை மனு. அதை வழக்கமான வாசகங்களில் தேவசிகாமணி எழுதி முடித்திருந்தார். கைநாட்டு வாங்கப் போனபோது பூதலிங்கம் மை அப்பிய பெருவிரலைப் பார்த்து, தொளி மாதிரி இருக்கிறது என்றான்.

தேவசிகாமணி தேரிக்காட்டில், பனைகளுக்கு நடுவே பிறந்தவர். வயல் சொற்கள் அவருக்குத் தெரியாது.

"தொளின்னா என்னலே?"

நடவுக்கு உழுது குழப்பிய சேறு என்றான் அவன்.

மறுநாள் காலை அவராகவே வந்தார். கம்பிக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தார். குளம் நிறைந்து வழிந்து வெளியேறும் வழி மறுகால். ஆற்றில் ஆள் மூழ்கும் ஆழம் கசம். பூதலிங்கம் சொல்லச் சொல்ல அவர் வாய்க்குள் உருட்டிப் பார்த்துக்கொண்டார். அவனை அழைக்கையில் 'லே' போய் மரியாதையான 'வே' வந்தது. வார்டர் முகம்மது மைதீன் அவரைக் கண்டதும், ஐயா அறுப்புக்கு வந்தாச்சு என்பான்.

தூக்குக் கைதியிடம் யாரும் பேசுவதில்லை. சோறு வைப்பவன்கூட முகத்தைப் பார்க்காமல் தட்டைத் தள்ளுவான். மனுவுக்குப் பதில் வரவில்லை. காலையில் ரைட்டர் வரும் நேரம் ஒன்றுதான் அவனுக்கு மனிதக் குரல் கேட்கும் நேரம்.

சில நாளில் சொல் தீர்ந்தது. பூதலிங்கம் சொன்னதையே திரும்பச் சொன்னான். தேவசிகாமணி முக்காலியை எடுத்துவைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் முகம்மது மைதீன் ஆபீசுக்கு வந்து, அந்த ஆளுக்குப் புதிதாக ஒன்று ஞாபகம் வந்திருக்கிறதாம் என்றான். தேவசிகாமணி பேனாவை வைத்துவிட்டு எழுந்தார்.

"அலத்தி," என்றான் பூதலிங்கம்.

"சொல்லும்."

"காஞ்ச கால்வாயில தண்ணி தெறந்ததும் மொதல்ல ஒரு நாக்கு வரும்லா. தூசி, வைக்கோலு, செத்த எறும்பு, எல்லாத்தையும் தள்ளிக்கிட்டு பைய வரும். பின்னால வார தண்ணி தெளிவாயிரும். முன்னால போற அந்த அழுக்குதான் அலத்தி."

தேவசிகாமணிக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒன்றுக்குப் பெயர் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. வீட்டில் அகராதியைப் புரட்டினார். இல்லை. சந்தோஷம் இரட்டிப்பானது.

அதன்பிறகு காலைக்கு ஒன்று கிடைத்தது. வெடித்த நிலம் முதல் தண்ணீரைக் குடிக்கும் சத்தம் தவிசல். வரப்பில் நின்றபடியே தூங்கி, விழப்போகும்போது விழிக்கிற அந்தக் கணம் நெலாங்கல். எதுவும் அகராதியில் இல்லை. பூதலிங்கம் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் சொல்வதில்லை. மீதியை நாளைக்குச் சொல்லுதேன் ஐயா என்பான்.

பிறகு சென்னையிலிருந்து பதில் வந்தது. சூப்பிரண்டு துரை அதைக் கம்பிக்கு முன்னால் நின்று வாசித்தார். தேவசிகாமணி தமிழில் சொன்னார். துரை போன பிறகும் பூதலிங்கம் நின்றுகொண்டே இருந்தான்.

"அதுல என்ன வார்த்த போட்டிருக்கு ஐயா?"

"ரிஜெக்டட்."

"அப்படின்னா?"

"தள்ளிட்டாவன்னு அர்த்தம்."

பூதலிங்கம் அதை மெல்லச் சொல்லிப் பார்த்தான். "சொல்லுததுக்கு நல்லாத்தான் இருக்கு," என்றான். பிறகு உட்கார்ந்தான்.

தேவசிகாமணி மறுநாளும் வந்தார். வராமல் இருக்க அவரால் முடியவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டார். அவன் ஒன்று கொடுத்தான். கடைசிக் காலை வரைக்கும் கொடுத்தான்.

உடலை வாங்க அவன் தம்பி வண்டி பூட்டி வந்திருந்தான். அவனும் கால்வாயில் தண்ணீர் விடுகிறவன்தான். தேவசிகாமணி காகிதத்தில் கைநாட்டு வாங்கினார். முகம்மது மைதீனும் இன்னொருவனும் உடலை வண்டியில் ஏற்றினார்கள்.

தேவசிகாமணி தம்பியைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார்.

"வே, அலத்தின்னு உங்க பக்கம் சொல்லுவியளா?"

தம்பி யோசித்தான். அப்படி ஒன்றும் கேட்டதில்லை என்றான். தவிசல்? தெரியாது. நெலாங்கல்? இல்லை என்று தலையை ஆட்டினான்.

"காஞ்ச கால்வாயில மொத தண்ணி வரும்லா. அதுக்கு என்ன பேரு?"

"மொத தண்ணிதான்யா. வேற என்ன பேரு?"

முகம்மது மைதீன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். அவன் குரலில் கேலி இல்லை.

"சொல்லு தீந்தா நீங்க வரமாட்டியன்னு அவனுக்குத் தெரியும்லா ஐயா."

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு எதுவும் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது, இந்த ரைட்டர் அண்ணனோடு தினமும் பேசியிருக்கிறார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கிட்ட வந்தான்.

"அண்ணன் எங்களப் பத்தி எதாவது சொன்னானாய்யா?"

"கேட்டான்," என்றார் தேவசிகாமணி. "உங்களையெல்லாம் கேட்டான்."

"யாரக் கேட்டான்?"

தேவசிகாமணி வாயைத் திறந்தார். பூதலிங்கத்துக்குப் பெண்டாட்டி உண்டா, பிள்ளை உண்டா, தாய் இருக்கிறாளா, ஒன்றும் அவருக்குத் தெரியாது. இத்தனை காலைகளில் ஒருநாளும் கேட்கவில்லை.

தம்பி போய் மாட்டை அவிழ்த்து நுகத்தடியில் பூட்டினான்.