கூப்பிடு தூரம்

குற்றாலிங்கம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் கூட்டாளி, கல்கத்தாவில் விமானத் தளத்தில் வேலை பார்ப்பவன், அந்த 1942-ஆம் வருஷம் சாரல் சமயத்தில் லீவில் தென்காசிக்கு வந்திருந்தான்.

என் தங்கை ராபியாவின் மாப்பிள்ளை சேக் மைதீன் சிங்கப்பூரில் கடை வேலையில் இருந்தார். ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்ததிலிருந்து சேதியே இல்லை. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்தால் போதும் என்று வருகிறவன் போகிறவனையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். இவனையும் கேட்டாள்.

"சிங்கப்பூரு ரொம்ப தூரமாண்ணே?"

"கப்பல்னாத்தான் தங்கச்சி நாள்கணக்கு. ஏரோப்ளேன்ல அங்கன இன்னைக்கு ஏறுனா நாளைக்குக் கல்கத்தா. இப்பல்லாம் கூப்பிடு தூரந்தான்."

ஆறுதலுக்குத்தான் சொன்னான், பாவி. அன்று மக்ரிபு தொழுதுவிட்டு ராபியா கொல்லைப்புறம் போய், கிழக்கே பார்த்து "மச்சான்! மச்சானோவ்!" என்று கத்தினாள். குற்றாலத்துக் காற்று அந்தச் சத்தத்தை வாரிக்கொண்டு போனது.

"ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா?"

"கூப்பிடு தூரம்னு சொன்னாவல்லாண்ணே."

"அப்பம் பேரைச் சொல்லிக் கூப்பிடேன்."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். எங்கள் வீடுகளில் எந்தப் பெண் புருஷன் பேரைச் சொல்லுவாள்? எல்லாருக்கும் அவரவர் புருஷன் மச்சான்தான்.

தினமும் கூப்பிட்டாள். ஒரு நாள் பதில் வந்தது. சுரண்டை ரோட்டுக்கு அப்பாலிருந்து, எதிர்காற்றில், மெல்லியதாக: "வாரேன்."

யாரோ வண்டிக்காரன் என்று சொல்லிவைத்தேன். மறுநாள் அது சிற்றாற்றுப் பாலத்தில் கேட்டது. அதற்கடுத்த நாள் தெருமுனையில். நாலாம் நாள் ராபியா தலை வாரி, புதுச்சேலை கட்டி, அவருக்குப் பிடித்த மீன்குழம்பு வைத்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

வெளிச்சம் மங்குகிற நேரம். வாசல் கதவுக்கு வெளியே குரல் கேட்டது.

"வந்துட்டேன். கதவைத் தெற."

ஓடினவள் பாதியில் நின்றுவிட்டாள். அது அவர் குரல் இல்லை. அவளுக்குத் தெரியாதா? நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்து கிடந்தது.

"நான் உங்களைக் கூப்பிடலையே," என்றாள். பிறகு, கல்யாணமாகி முதல்முறையாக, அந்தப் பேரைச் சொன்னாள். "நான் சேக் மைதீனைத்தான் கூப்பிட்டேன்."

வெளியே முணுமுணுப்பு கேட்டது. ஓர் ஆள் இல்லை. தெரு கொள்ளாத கூட்டம் தங்களுக்குள் கேட்டுக்கொள்வது மாதிரி இருந்தது.

"சேக் மைதீனா? அவரு எங்களோட ஒரே குழியிலதான் கெடக்காரு. வேற யாரையோ கூப்பிடுதாவன்னு திரும்பிப் படுத்துட்டாரு. நீ மச்சான்னுல்லா கூப்பிட்ட? அங்கன கெடக்க நாங்க எல்லாரும் யாருக்காவது மச்சான்தான்."

ராபியா அழவில்லை. என் பிடியிலிருந்து கையை விடுவித்து, வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.